முடத்தெங்கும் கேம் எஞ்சினும்

கல்வியை விற்கலாமா என்ற கேள்விக்கு நம்மிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று மேடைக்கு, மற்றொன்று வீட்டுக்கு. மேடையில் ஏறினால் வித்தை விலைப்பொருளன்று என்போம். வீட்டுக்கு வந்தால் நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளிகளின் கட்டணப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நகையை அடகு வைக்கலாமா, நிலத்தை வைக்கலாமா என்று யோசிப்போம். இந்த இரட்டை நாக்கு இலக்கிய வட்டத்தில் இன்னும் சற்று நீளம். எழுதியவருக்குச் சன்மானம் கொடுத்த சிற்றிதழ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொடுக்காததைக் கொள்கையாகவே அறிவித்துக்கொண்டவர்களும் உண்டு.

இந்த மனநிலையோடுதான் மென்பொருள் துறையில் இப்போது பரவலாக நடந்துவரும் ஒரு காரியத்தையும் பலர் பார்க்கிறார்கள். பகலில் ஒரு நிறுவனத்தில் நிரல் எழுதும் ஒருவர், மாலையிலோ வார இறுதியிலோ தம்மைப்போன்ற பிற நிரலாளர்களுக்கு கேம் எஞ்சின் கற்றுக்கொடுத்து ஒரு துணைவருமானம் ஈட்டுகிறார். 'கோச்சிங் சென்டர் புத்தி' என்று இதை ஒரு சொல்லில் தள்ளிவிடுவது எளிது. நாங்கள் அப்படித் தள்ளத் தயாராக இல்லை. இந்த வருமானம் மானமுள்ள வருமானம் என்பதும், தருமபுரி போன்ற ஒரு மாவட்டத்துக்கு அது தேவையான ஒன்று என்பதும் எங்கள் துணிபு. எங்களுக்கு ஆட்சேபம் உண்டென்றால் அது விற்பது பற்றியன்று. எதை விற்கிறார்கள் என்பது பற்றியே.

கேம் எஞ்சின் என்றால் என்ன என்று கேட்கக்கூடிய வாசகர்களுக்காகச் சில வரிகள். கூத்து கட்ட வருகிறவர் பந்தலையும் விளக்கையும் மத்தளத்தையும் தாமே செய்துகொண்டு வருவதில்லை. அவை ஏற்கெனவே இருக்கும். அவர் கொண்டுவருவது கதையும் அடவும் குரலும். கணினி விளையாட்டிலும் அப்படியே. மேலே எறிந்த பந்து கீழே விழவேண்டும், சுவரில் மோதினால் திரும்பவேண்டும், விளக்கை நகர்த்தினால் நிழலும் நகரவேண்டும், காலடி ஓசை தொலைவுக்கேற்பக் குறையவேண்டும். இவற்றை ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுதிக்கொண்டிராமல் ஆயத்தமாக வைத்திருக்கும் மென்பொருளே கேம் எஞ்சின். யூனிட்டி, அன்ரியல், கோடோ ஆகிய மூன்றும் இன்று அதிகம் புழங்குபவை. மூன்றாவதன் பெயரைக் கண்டு இலக்கிய வாசகர்கள் புருவம் உயர்த்தினால் அது சரியான ஐயமே. பெக்கெட்டின் நாடகத்தில் கடைசிவரை வராமலேயிருக்கிற அந்தக் கோடோவின் பெயரைத்தான் அதை உருவாக்கிய அர்ஜென்டினாக்காரர்கள் சூட்டினார்கள். ஒரு மென்பொருள் என்றைக்கும் முழுமையடைவதில்லை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

இனி தருமபுரி. 1965 அக்டோபரில் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2004இல் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தபோது ஓசூரின் தொழிற்பேட்டைகள் கிருஷ்ணகிரியோடு போயின. தருமபுரிக்கு ஒகேனக்கல்லும் பாலக்கோட்டுத் தக்காளியும் பென்னாகரத்துக் காடும் எஞ்சின. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. தருமபுரியின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி இடம். செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கியது 2013இல்தான். பிழைப்பு தேடுவோர் ஒன்று திருப்பூருக்குப் போகவேண்டும், இல்லையேல் தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி பெங்களூருக்குப் போகவேண்டும். கட்டட வேலைக்குப் போகிறவரும் கணினி வேலைக்குப் போகிறவரும் ஒரே பேருந்தில் போகிறார்கள் என்பதே இந்த மாவட்டத்தின் சமத்துவம்.

நன்னூலை எழுதிய பவணந்தியார் ஆசிரியராகத் தகாதவர்களுக்கு நான்கு உவமைகள் சொல்கிறார். கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. நான்காவதுதான் எங்களை எப்போதும் உறுத்துவது. வளைந்து வளர்ந்த தென்னைக்கு வேரில் நீர் வார்த்தவர் ஒருவர். காய் விழுவது அடுத்த வீட்டு முற்றத்தில். பவணந்தியார் ஓர் ஆளைப் பற்றிச் சொன்னது இன்று ஒரு மாவட்டத்துக்கே பொருந்தி நிற்கிறது. தருமபுரி தன் சக்திக்கு மீறி நீர் வார்த்து வளர்க்கும் பிள்ளைகளின் காய் விழுவது பெங்களூரின் தொழில்நுட்பப் பூங்காக்களில். போனவர்களைக் குறை சொல்வதில் பொருளில்லை. இங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? ஆனால் போனவர் கற்றதில் ஒரு கைப்பிடியாவது திரும்பி வருவதற்கு வழி வேண்டாமா? அரசு 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கதவைத் திறந்திருக்கிறது. கல்லூரியை விட்டு வெளியே வந்து ஏதோவொரு சிறு நிறுவனத்துக்கு இணையதளம் செய்துகொண்டும், செயலிகளில் பிழை திருத்திக்கொண்டும் இருக்கிற இருபத்தெட்டு வயதுக்காரருக்கு அந்தக் கதவு இல்லை. அவருக்குக் கற்றுக்கொடுக்கக்கூடியவர், அவரைப்போலவே வேலையில் இருந்துகொண்டு அவரைவிட ஐந்தாண்டு முன்னால் நடந்துபோனவர்தான்.

அப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பெங்களூரில் ஒரு விளையாட்டு நிறுவனத்தில் ஏழெட்டு ஆண்டு வேலை பார்த்தவர், இப்போது வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை செய்வதால் காரிமங்கலத்தில் இருக்கிறார். பன்னிரண்டு பேரைச் சேர்த்து எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மாலை, ஒவ்வொரு மாலையும் இரண்டு மணி நேரம் வகுப்பெடுக்கிறார். ஆளுக்கு 3,000 ரூபாய். மொத்தம் 36,000. வகுப்பு மட்டும் 32 மணி நேரம். ஆயத்தம் செய்வதற்கும் மாணவர் செய்த பயிற்சியைப் பார்த்துத் திருத்துவதற்கும் குறைந்தது அதே அளவு. ஆக மணிக்கு 560 ரூபாய்க்குச் சற்று மேல். கொள்ளை என்று யாரும் சொல்லமுடியாத தொகை. கற்றவர் அடுத்த வேலையில் மாதம் மூவாயிரம் கூடுதலாகப் பெற்றால் முதல் மாதத்திலேயே கணக்கு தீர்ந்துவிடும்.

இதே மனிதர் பாடத்தைப் படம்பிடித்து உடெமி போன்ற தளத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? 499 ரூபாய் விலையுள்ள ஒரு பாடம் அந்தத் தளத்தின் வழியாகவே விற்றால் ஆசிரியருக்குக் கிடைப்பது 37 விழுக்காடு, அதாவது 185 ரூபாய்க்கும் குறைவு. அதே 36,000 ரூபாயைத் தொட 195 பேர் வாங்கவேண்டும். உலகெங்கும் ஆங்கிலத்தில் இதே பாடத்தை நடத்தும் நூற்றுக்கணக்கானோருக்கு நடுவில் வாங்கவேண்டும். சந்தா வழியாகப் பார்ப்பவர்களிடமிருந்து ஆசிரியர்களுக்குப் போகும் பங்கையோ அந்நிறுவனம் 25 விழுக்காட்டிலிருந்து 2024இல் 20, 2025இல் 17.5, 2026இல் 15 என்று படிப்படியாக இறக்கியிருக்கிறது. யூடியூபில் விளம்பர வருமானம் தொடங்குவதற்கே ஆயிரம் சந்தாதாரர்களும் ஓராண்டில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும். முடத்தெங்கு மறுபடியும் நினைவுக்கு வருகிறதல்லவா! பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் ஓர் அறை சிறியதுதான். ஆனால் அதில் விழும் காய் அந்த முற்றத்திலேயே விழுகிறது.

சரி, விற்பது என்ன? இங்கேதான் நாங்கள் முகம் சுளிக்கும் வியாபாரம் தொடங்குகிறது. 'முப்பது நாளில் கேம் டெவலப்பர்' என்ற விளம்பரத்தோடு வருகிறவர்களில் ஒரு சாராருக்கு, தாம் செய்து வெளியிட்ட விளையாட்டு என்று காட்ட ஒன்றுகூட இருக்காது. அவர்கள் கற்றுக்கொடுப்பது எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்துவது என்பதை. மென்பொருளின் அடுத்த பதிப்பில் பொத்தான் இடம் மாறினால் அந்தக் கல்வி காலாவதி. பவணந்தியாரின் பருத்திக் குண்டிகையும் இவர்களிடத்தில் உண்டு. வாய் குறுகிய குடத்தில் அடைத்த பஞ்சைப்போல, முதல் பாகத்தில் கொஞ்சம், மீதிக்கு இரண்டாம் பாகம், அதற்குத் தனிக் கட்டணம்.

வேலை தெரிந்தவர் சொல்லித்தரும் விதம் வேறு. ஓர் எடுத்துக்காட்டு. திரையில் ஒரு பந்து ஓடவேண்டும். ஒவ்வொரு முறை திரையை வரையும்போதும் பந்தை 5 பிக்சல் நகர்த்து என்று புதியவர் எழுதுவார். அவருடைய கணினியில் அழகாக ஓடும். நொடிக்கு 60 முறை வரையும் கைபேசியில் அந்தப் பந்து நொடிக்கு 300 பிக்சல் போகும். 30 முறையே வரைய முடிந்த மலிவான கைபேசியில் 150 பிக்சல்தான் போகும். ஒரே விளையாட்டு, பணக்காரர் கையில் வேகமாகவும் ஏழை கையில் மந்தமாகவும் நடக்கும். ஆகவே தூரத்தைத் திரை எண்ணிக்கையோடு கட்டாமல், வேகத்தைச் சென்ற முறை வரைந்ததிலிருந்து கழிந்த நேரத்தோடு பெருக்கவேண்டும். இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொண்டவருக்கு யூனிட்டியானாலும் கோடோவானாலும் ஒன்றே. இதன் தொடர்ச்சியாக இன்னொரு வேடிக்கை உண்டு. வேகமாகச் செல்லும் தோட்டா சில சமயம் சுவரைத் துளைக்காமலே சுவருக்கு அப்பால் போய்விடும். ஏனென்றால் இயற்பியல் கணக்கு இடைவிடாமல் நடப்பதில்லை. யூனிட்டியில் இயல்பாக நொடிக்கு 50 முறையும் கோடோவில் 60 முறையும் நடக்கிறது. இரண்டு கணக்குகளுக்கு நடுவில் தோட்டா சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தாவிவிட்டால் மோதல் நடந்ததாகவே எஞ்சினுக்குத் தெரியாது. இதை ஒருமுறையாவது பட்டறிந்து, ஓர் இரவு முழுக்கத் தேடிக் கண்டுபிடித்தவர் சொல்லும்போது கேட்பவருக்கு வரும் தெளிவு, கையேட்டைப் படித்துச் சொல்பவரிடமிருந்து வராது. காசு கொடுக்கத் தகுந்தது அந்த இரவுதான்.

நன்னூலிலிருந்து இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏனெனில் அது இந்தத் துணைவருமானத்துக்கு மிக வலுவான ஆதரவு. ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவருக்குக் கிட்டுவது புலமையில் கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு தான் பிறர்க்கு எடுத்துரைப்பதில் வருகிறது என்பது பவணந்தியாரின் கணக்கு. அதாவது சொல்லிக்கொடுக்கத் தொடங்காத நிரலாளர் பாதிப் புலமையோடுதான் அலுவலகத்துக்குப் போய்வருகிறார். மேலாளர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

மேலாளர்கள் என்றதும் 2022 நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகக் கண்டறிந்து 300 ஊழியர்களை நீக்கியதாக விப்ரோவின் தலைவர் ரிஷத் பிரேம்ஜி அறிவித்தார். அதற்கு முந்திய மாதந்தான் ஸ்விகி நிறுவனம் ஊழியர்கள் வெளிவேலை செய்ய நிபந்தனைகளோடு அனுமதி தந்திருந்தது. இன்ஃபோசிஸ் முதலில் எச்சரித்துப் பிறகு, மேலதிகாரியின் ஒப்புதலோடு செய்யலாம் என்றது. போட்டி நிறுவனத்துக்கு உழைப்பதும் மாலையில் பாடம் நடத்துவதும் ஒன்றல்ல. ஆயினும் பணி ஒப்பந்தத்தைப் படித்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கி, நிறுவனத்தின் நிரலில் ஒரு வரியைக்கூட வகுப்புக்குக் கொண்டுவராமல் நடத்துவதே முறை. வருமான வரிக் கணக்கிலும் காட்டிவிடவேண்டும். ஒளிந்து சம்பாதிக்கவேண்டிய பணமல்ல இது.

எந்த எஞ்சினைக் கற்றுக்கொடுப்பது என்பதில் எங்களுக்குத் திடமான சார்பு உண்டு. 2023 செப்டம்பர் 12 அன்று யூனிட்டி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. குறிப்பிட்ட வருமானத்தையும் எண்ணிக்கையையும் தாண்டிய விளையாட்டுகள் அடுத்த ஜனவரி முதல், ஒவ்வொரு முறை ஒருவர் தம் கருவியில் நிறுவும்போதும் 20 சென்ட் வரை கட்டணம் செலுத்தவேண்டும் என்றது. பல ஆண்டுகளாக அதைக் கற்று, அதையே கற்பித்து, அதிலேயே பிழைத்தவர்கள் ஒரே காலையில் தாங்கள் நிற்பது வாடகை நிலம் என்று அறிந்தார்கள். எதிர்ப்புக்குப் பின் நிபந்தனைகள் தளர்ந்தன, தலைமை அதிகாரி ஜான் ரிச்சிட்டெல்லோ அடுத்த மாதமே விலகினார், சரியாக ஓராண்டு கழித்து அந்தக் கட்டணத்தையே கைவிட்டார்கள். கைவிட்டது சரிதான், மறுபடி கொண்டுவரமாட்டார்கள் என்று எந்தக் கல்வெட்டில் எழுதியிருக்கிறது? கோடோவோ 2014 முதல் திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கும் விளையாட்டில் பயன்படுத்தலாம், யாருக்கும் பங்கு தரவேண்டியதில்லை. யூனிட்டியைப் பாடம் நடத்தியே உலகப் புகழ்பெற்ற 'பிராக்கீஸ்' என்ற டென்மார்க் யூடியூப் ஓடை, 2020இல் விடைபெற்றுக்கொண்டு 2024இல் திரும்பி வந்தபோது கோடோவைத்தான் எடுத்துக்கொண்டது. பெரிய நிறுவனங்களில் யூனிட்டி, அன்ரியல் தெரிந்தவர்களுக்கே வேலை அதிகம் என்ற வாதம் உண்மை. அதனால்தான் பொத்தானை விட்டுவிட்டுக் கருத்தைக் கற்றுக்கொடுங்கள் என்கிறோம். கருத்து தெரிந்தவர் சில வாரங்களில் அடுத்த எஞ்சினுக்குத் தாவிக்கொள்வார். இறக்கிக்கொள்ள பல ஜிகாபைட் தேவைப்படாததும், பழைய மடிக்கணினியிலும் ஓடுவதும் தருமபுரியில் அற்பமான காரணங்கள் அல்ல.

இங்கே தகடூரைப் பற்றிப் பேசாமல் போனால் வாசகர்கள் மன்னிக்கமாட்டார்கள். அதியமானும் ஔவையும் என்றால் நெல்லிக்கனியோடு நின்றுவிடுகிறோம். புறநானூற்றின் 206ஆம் பாட்டு வேறு சங்கதி சொல்கிறது. பரிசில் தரத் தாமதித்த அதே அதியமானின் வாயில்காவலனிடம் ஔவை சினந்து பேசுகிறாள். கலப்பையைக் கட்டிக்கொண்டு புறப்படத் தயாராகிறாள். தச்சனின் கைத்தொழில் வல்ல பிள்ளைகளுக்குக் கோடரியோடு காட்டுக்குள் போனால் மரத்துக்கா பஞ்சம், அதுபோலத்தான் எங்களுக்கும் எந்தத் திசையிலும் சோறு உண்டு என்பது அவள் வாதம். வித்தைக்கு உரிய பொருளை உரிய நேரத்தில் கேட்பதில் அவளுக்குக் கூச்சம் இல்லை. நட்பு ஒருபுறம், பரிசில் ஒருபுறம். தருமபுரி மண்ணில் வகுப்பெடுப்பவர் கட்டணத்தை முதல் நாளே வாய்திறந்து சொல்லக் கூச்சப்படவேண்டியதில்லை என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா?

இரண்டு எதிர்வாதங்கள் எஞ்சுகின்றன. எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே என்பது ஒன்று. கிடைக்கிறது, கழற்குடத்திலிருந்து கழற்காய் கொட்டுவதுபோல முன்பின் இல்லாமல் கிடைக்கிறது. அவற்றில் தலைசிறந்தவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுடோரியல்', தமிழில் 'கணியம்' போன்றவை கட்டற்ற மென்பொருள்களை இந்திய மொழிகளில் விளக்கிச் செய்திருக்கும் தொண்டு பெரியது. அவற்றை நாங்கள் வணங்குகிறோம். ஆனால் தொண்டு செய்வோரின் தோள்மீதே ஒரு மொழியின் தொழிற்கல்வி முழுவதையும் ஏற்றிவிட்டுக் கைகட்டி நிற்பது நியாயமாகாது. இரண்டாவது, இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே என்பது. தரட்டும். தோட்டா சுவரைத் தாண்டுவது ஏன் என்று கேட்டால் அது சரியான விடையும் சொல்லும். கேட்பதற்கு, அது தோட்டாவின் கோளாறன்று, கணக்கின் இடைவெளி என்ற ஐயமாவது முதலில் எழவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்து, 'இந்த வரியை ஏன் இங்கே வைத்தீர்கள்?' என்று கேட்கும் ஆள் அந்த ஐயத்தை எழுப்புகிறார். எட்டு வாரம் முடிந்தபிறகு மாணவர் எந்திரத்தைத் தாராளமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

மொழியைப் பற்றி ஒன்று. பாடம் தமிழில் நடக்கவேண்டும் என்று சொல்லும்போது வெக்டருக்கும் ஷேடருக்கும் உடனே கலைச்சொல் ஆக்கவேண்டும் என்று நாங்கள் கோரவில்லை. சொல் ஆங்கிலமாக இருக்கட்டும். விளக்கம் தமிழாக இருக்கட்டும். அதற்கான பயிற்சிப் பொருளும் உள்ளூரிலேயே கிடக்கிறது. பாறைகளிலும் கோயில் தளங்களிலும் கீறிவைத்திருக்கும் ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்துமூன்று முனைகள். எந்த முனையிலிருந்து எந்த முனைக்குக் கோடு உண்டு என்பதைப் பட்டியலாக்குவது முதல் வாரத்து வேலை. புலி தாவும்போது நடுவில் ஆடு இருக்கிறதா, அப்பால் காலியா என்று சோதிப்பது இரண்டாம் வாரத்து வேலை. ஆடுகள் சேர்ந்து புலியை முடக்கிவிட்டனவா என்று கண்டறியும் நிரலை எழுதும்போதுதான் வகுப்பில் முதல் சண்டை வரும். ஏனென்றால் அரூரில் ஆடும் விதியும் பென்னாகரத்தில் ஆடும் விதியும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. அந்தச் சண்டையைத் தீர்க்க யாராவது தம் வீட்டுப் பாட்டியைக் கேட்டுவர வேண்டியிருக்கும். பாட்டிக்கும் அந்த 3,000 ரூபாயில் வெற்றிலைபாக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம்.